மயோசைட்டிஸ் சந்தேகத்தில் ஈஎம்ஜி: அறைக்குள் புதிதாக வருபவர்களுக்கு

"மயோபதி இருக்கிறதா, பார்க்கவும்." ஈஎம்ஜி அறைக்கு வரும் சீட்டுகளில் பெரும்பாலும் இந்த ஒற்றை வரிதான் இருக்கும். மயோபதி என்றால் தசை நோய், அதில் அழற்சியால் வருவது மயோசைட்டிஸ். தசைக்குள் மெல்லிய ஊசி செலுத்தி அதன் மின் அலைகளைப் பார்க்கும், கேட்கும் சோதனைதான் ஈஎம்ஜி. நரம்பியல், வாதநோய், பொது மருத்துவம் என்று எந்தப் பிரிவில் பயிற்சிக்குச் சேர்ந்திருந்தாலும் சரி, டெக்னீஷியனாக வந்திருந்தாலும் சரி, அந்த வரியை மட்டும் நம்பி ஊசியைக் கையில் எடுக்காதீர்கள். தசை நோய்வாய்ப்பட்டிருக்கிறதா, நோய் இப்போது தீவிரமாக இருக்கிறதா, எந்தத் தசையில் அதிகம் என்பதையெல்லாம் ஈஎம்ஜி சொல்லும். நோயின் பெயரை அது சொல்லாது. தோலையும் சேர்த்துப் பாதிக்கும் டெர்மட்டோமயோசைட்டிஸிலும், பரம்பரைத் தசைநோய் சிலவற்றிலும், கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையால் தசை கெட்டவரிடமும் திரையில் ஏறக்குறைய ஒரே காட்சிதான் தெரியும். ஆகவே எந்தக் கேள்விக்குப் பதில் தேடுகிறோம் என்று முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும். மீதி எல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஊசிக்கு முன்: நோயாளியோடு பத்து நிமிடம்

2022இல் நடிகை சமந்தா தனக்கு மயோசைட்டிஸ் என்று அறிவித்த பிறகு அந்தப் பெயர் வீட்டுக்கு வீடு தெரிந்துவிட்டது. ஆனால் நோயாளி தன் தொல்லையைச் சொல்லும்போது அது வேறு உருவத்தில் வரும். "தரையில உட்கார்ந்தா எழுந்திருக்க முடியல", "பஸ் படி ஏற ஆள் பிடிக்கணும்", "கொண்டை போடக் கை தூக்க முடியல", "கொடியில துணி போட முடியல". இவையெல்லாம் இடுப்பு, தோள் சுற்றியுள்ள தசைகளின் பலவீனம். "உடம்பு பூரா வலி, ஒரே அசதி" என்று மட்டும் சொல்லிவிட்டு, சோதித்துப் பார்த்தால் பலம் முழுதாக இருப்பவரிடம் ஈஎம்ஜியில் பெரிதாக ஒன்றும் கிடைக்காமல் போக வாய்ப்பு அதிகம். வலிக்கும் பலவீனத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் கேள்வி கேட்டே பிரித்துவிடலாம்: "வலியால எழுந்திருக்கலையா, வலி இல்லைன்னாலும் எழுந்திருக்க முடியாதா?"

பிறகு பலத்தை நீங்களே சோதியுங்கள். கழுத்தை முன்னால் வளைக்கும் தசையை மறக்கக்கூடாது. மல்லாந்து படுத்து, தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொன்னால் போதும். விழுங்கும்போது சிக்குகிறதா, மூச்சு வாங்குகிறதா என்றும் கேளுங்கள். விரல் கணுக்களின் மேல் சிவந்த தடிப்பு, இமைகளில் ஊதா நிறம் தெரிந்தால் குறித்துக்கொள்ளுங்கள். மாநிறத் தோலில் அந்த ஊதா நிறம் எளிதில் கண்ணில் படாது, வெளிச்சத்தில் பார்க்க வேண்டும்.

ஃபைலில் தேட வேண்டியவை: சிபிகே (தசை கெடும்போது ரத்தத்தில் ஏறும் என்சைம்), தைராய்டு அளவு, மருந்துப் பட்டியல். சிபிகே இன்னும் எடுக்கவில்லை என்றால் ஊசிக்கு முன்னாலேயே ரத்தம் எடுக்கச் சொல்லுங்கள். ஊசி குத்தியதாலேயே அது கொஞ்சம் ஏறக்கூடும், அப்புறம் அந்த எண்ணை வைத்து ஆளாளுக்குக் குழம்புவார்கள். ஈரல் சோதனையில் பார்க்கும் எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி என்சைம்கள் இரண்டும் தசையிலிருந்தும் வரும். இது தெரியாமல் "ஈரல் கெட்டுப்போச்சு" என்று மாதக்கணக்கில் கீழாநெல்லி குடித்துவிட்டு வருபவர்கள் உண்டு. அந்த இரண்டும் ஏறி, தசையிலிருந்து வராத ஈரல் என்சைமான ஜிஜிடி மட்டும் இயல்பாக இருந்தால் ஈரலை விட்டுவிட்டுத் தசையைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். சிபிகே இயல்பாக இருப்பதால் மயோசைட்டிஸ் இல்லை என்றும் ஆகிவிடாது. டெர்மட்டோமயோசைட்டிஸில் அது ஏறாமலே இருப்பதுண்டு.

மருந்துகளில் ஸ்டாட்டின், ஹைட்ராக்சிகுளோரோகுயின், கொல்சிசின், ஸ்டீராய்டு ஆகிய நான்கும் தசையைக் கெடுக்கக்கூடியவை. ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுக்கிறாரா என்றும் கேட்க வேண்டும். வார்ஃபரின் எடுப்பவருக்கு ஐஎன்ஆர் (ரத்தம் உறைய ஆகும் நேரத்தின் அளவு) தெரியாமல் ஊசி போடாதீர்கள். அளவு கட்டுக்குள் இருந்தால் பெரும்பாலும் மருந்தை நிறுத்தாமலே செய்யலாம், ஆனால் ஆழமான தசைகளைத் தவிர்த்து, குத்திய இடத்தைக் கூடுதல் நேரம் அழுத்திப் பிடிக்க வேண்டும். பேஸ்மேக்கர் இருந்தால் ஊசிச் சோதனைக்குத் தடை இல்லை. நரம்புத் தூண்டலுக்கு முன் மட்டும் மூத்தவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

நோயாளிக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். பட்டினி தேவையில்லை. அன்று கைகாலில் எண்ணெய், கிரீம் எதுவும் தடவக்கூடாது, எண்ணெய்த் தோலில் எலெக்ட்ரோடு ஒட்டாது. தோளும் தொடையும் தெரியும்படி தளர்வான உடை வேண்டும். பெண் நோயாளி என்றால் கூட ஒரு பெண் ஊழியர் இருக்கட்டும், கேட்ட பிறகு ஏற்பாடு செய்வது அழகல்ல. "அம்மா, முதல்ல சின்னச் சின்ன ஷாக் மாதிரி இருக்கும், அப்புறம் மெல்லிசு ஊசி. ஊசியில மருந்தும் இல்லை, கரண்டும் இல்லை. முடியலைன்னா சொல்லுங்க, நிறுத்திடறேன்." இந்த மூன்று வரி போதும். ஊசியிலும் கரண்டு வரும் என்று நினைத்துத்தான் பலர் விறைத்துப்போய்ப் படுத்திருப்பார்கள். விறைத்த தசையில் ஓய்வு நிலையைப் பார்க்கவே முடியாது.

முதலில் நரம்பு

நரம்பைச் சிறு கரண்டால் தூண்டிப் பார்க்கும் நரம்புக் கடத்தல் சோதனையைச் சுருக்கமாகச் செய்யலாம், ஆனால் விட்டுவிடக்கூடாது. ஏசி அறையில் கை கால் சில்லென்று இருந்தால் முதலில் சூடேற்றுங்கள், கையில் 32 டிகிரியாவது வேண்டும். ஒரு கை, ஒரு கால், உணர்வு நரம்பும் இயக்க நரம்பும் பார்த்தால் பெரும்பாலும் போதும். மயோசைட்டிஸில் இவை இயல்பாகவே இருக்கும். நோய் கைகால் நுனிவரை வந்திருந்தால் இயக்க நரம்பின் அலை உயரம் மட்டும் குறையலாம். உணர்வு நரம்பு கெட்டிருந்தால் அது தசை அழற்சியால் அல்ல, சர்க்கரை நோய் போன்ற வேறு காரணம் கூடவே இருக்கிறது.

பலவீனம் காலையில் குறைவு, மாலையில் அதிகம் என்றாலோ, இமை தொங்கினாலோ, 3 ஹெர்ட்ஸில், அதாவது விநாடிக்கு மூன்று முறை, தொடர் தூண்டலும் செய்துவிடுங்கள். அலை 10 சதவீதத்துக்கு மேல் குறைந்தால், நரம்பும் தசையும் சேரும் இடத்தின் நோயான மயஸ்தீனியாவை நினைக்க வேண்டும். எல்லா இயக்க அலைகளும் மிகச் சிறிதாக இருந்தால், பத்து விநாடி முழு பலத்தோடு அந்தத் தசையை இயக்கச் சொல்லி உடனே மறுபடி தூண்டிப் பாருங்கள். இரண்டு மடங்குக்கு மேல் எகிறினால் அது லாம்பர்ட்-ஈட்டன், அதே இடத்தின் இன்னொரு நோய். இந்த நோய் ஊசியின் கீழ் மயோபதி மாதிரியே தெரியும் என்பதால்தான் இந்தச் சிரமம்.

எந்தப் பக்கம், எந்தத் தசை

ஒரே பக்கத்தில் மட்டும் ஊசி போடுங்கள். மயோசைட்டிஸ் பொதுவாக இரண்டு பக்கமும் சமமாக வரும் நோய். ஒரு பக்கத்தில் ஈஎம்ஜி செய்துவிட்டு, மறுபக்கத்து அதே தசையில் பயாப்ஸி எடுக்கலாம். ஊசி குத்திய தசையிலேயே பயாப்ஸி எடுத்தால், ஊசியால் உண்டான சிறு காயத்தை நுண்ணோக்கியில் பார்ப்பவர் அழற்சி என்று எடுத்துக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது. இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். அவசரத்தில் இரண்டு பக்கமும் குத்திவிட்டால் சர்ஜனுக்கு இடமே இருக்காது.

தசைத் தேர்வில் ஒரே ஒரு விதி: மிதமாகப் பலவீனமான தசை. முழு பலமுள்ள தசையில் ஒன்றும் கிடைக்காது. முற்றிலும் கரைந்துபோன தசையில் கொழுப்பும் நாரும்தான் மிச்சம் இருக்கும். தோளின் டெல்டாய்டு, மேற்கையின் பைசெப்ஸ், தொடையின் வாஸ்டஸ் லேட்டராலிஸ், இடுப்பின் இலியோசோவாஸ், கீழ்க்காலின் டிபியாலிஸ் ஆன்டீரியர், இவற்றோடு முதுகெலும்பை ஒட்டிய தசை. இலியோசோவாஸில் போகும்போது தொடைத் தமனியின் துடிப்பை விரலால் உணர்ந்து, அதற்கு நன்றாக வெளிப்பக்கம் தள்ளிப் போங்கள்.

முதுகுத் தசையைத் தவிர்க்காதீர்கள். கை கால் எல்லாம் சுத்தமாக இருந்து, அங்கே மட்டும் கோளாறு தெரியும் நோயாளிகள் உண்டு. இடுப்புப் பகுதியைவிட மார்புப் பகுதி நல்லது. வயதானவர்களின் இடுப்பில் எலும்புத் தேய்மானத்தாலும், சர்க்கரை நோயாளிகளிடம் அதனாலும், தசை நோயே இல்லாமல் கோளாறு தெரியும். முதுகில் ஆபரேஷன் செய்த தழும்புக்குப் பக்கத்தில் கிடைப்பதை நம்பவே கூடாது. மார்புப் பகுதியில் ஊசி முள்ளெலும்பை ஒட்டியே இருக்க வேண்டும், பக்கவாட்டில் ஆழமாகப் போனால் நுரையீரல் இருக்கிறது. மயோசைட்டிஸ் நோயாளிகளில் பலருக்கு நுரையீரல் ஏற்கெனவே கெட்டிருக்கும் என்பதால், காற்று கசிந்தால் தாங்க மாட்டார்கள்.

தோல் தடிப்பு, புண், தோலுக்கடியில் சுண்ணாம்புக் கட்டி இருக்கும் இடங்களில் குத்த வேண்டாம். குழந்தைகளுக்கு மயோசைட்டிஸ் சந்தேகம் என்றால் எம்ஆர்ஐ முதலில் வரட்டும், ஊசியைக் கையில் எடுக்க நல்ல காரணம் வேண்டும்.

ஓய்வில் கேட்பது

ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் கான்சென்ட்ரிக் ஊசி, அதாவது இரண்டு எலெக்ட்ரோடும் ஒரே ஊசியில் இருப்பது. திரையில் ஒரு கட்டத்துக்கு 50 மைக்ரோவோல்ட், 10 மில்லிசெகண்ட் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பீக்கரின் ஒலியைத் தாராளமாக வையுங்கள். புதியவர்கள் திரையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள், அனுபவசாலிகள் காதைத்தான் நம்புவார்கள்.

தசை தளர்ந்திருக்கும்போது ஊசியை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக நகர்த்தி நிறுத்துங்கள். ஒரு சின்ன 'சரக்', பிறகு நிசப்தம். இயல்பான தசை அப்படித்தான் இருக்கும். நிறுத்திய பிறகும் சத்தம் தொடர்ந்தால் உற்றுக் கேளுங்கள். தகரக் கூரையில் தூறல் விழுவது போல 'டிக், டிக், டிக்' என்று கேட்டால் ஃபிப்ரிலேஷன். அதே தாளத்தில், கொஞ்சம் மந்தமாக 'தப், தப்' என்றால் பாசிட்டிவ் ஷார்ப் வேவ். இரண்டுக்கும் அடையாளம் அந்த ஒழுங்குதான்.

தசை நோயில் இது ஏன் வருகிறது என்று பலர் கேட்பார்கள், நரம்பு அறுந்தால்தானே வர வேண்டும்? அழற்சி தசை நாரை நடுவில் ஓரிடத்தில் அழிக்கிறது. நரம்பு வந்து சேரும் முனை ஒரு பக்கத் துண்டோடு போய்விட, மறுதுண்டு நரம்பின் தொடர்பு இல்லாமல் நிற்கிறது. அந்த அநாதைத் துண்டுதான் தானாகத் துடிக்கிறது. ஆகவே ஃபிப்ரிலேஷன் நிறைய இருந்தால், நார்கள் இப்போது அழிந்துகொண்டிருக்கின்றன என்று பொதுவாக எடுத்துக்கொள்ளலாம்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. நரம்பு முனை சேரும் இடத்தில் ஊசி இருந்தால் அங்கேயும் கூர்முனை அலைகள் வரும். அவை தாறுமாறான தாளத்தில் வரும், அலையின் முதல் திருப்பம் மேல்நோக்கி இருக்கும். ஃபிப்ரிலேஷனின் முதல் திருப்பம் கீழ்நோக்கி. அதோடு அந்த இடத்தில் நோயாளிக்குச் சுருக்கென்று வலிக்கும். "ஐயோ" என்றால் ஊசியை நகர்த்திவிடுங்கள், அவருக்கும் நல்லது, உங்கள் ரிப்போர்ட்டுக்கும் நல்லது.

திடீரென்று தொடங்கி, ஒரே சீராக இரைந்து, திடீரென்று நின்றுபோகும் சத்தம் காம்ப்ளெக்ஸ் ரிப்பிட்டிட்டிவ் டிஸ்சார்ஜ். நாள்பட்ட நோயில் அதிகம் கேட்கும். சுருதி ஏறி இறங்கினால் அது மயோடோனிக். அதுவும் முதுகுத் தசையில் கிடைத்தால், மூச்சுத் தசையும் பலவீனமாக இருந்தால், பாம்பே (Pompe) நோயை நினைத்துப் பாருங்கள், ஒரு என்சைம் குறைவால் வரும் பரம்பரைத் தசைநோய் அது. அதற்கு என்சைம் மருந்து இருக்கிறது என்பதால் தவறவிடக்கூடாது.

ஒவ்வொரு தசையிலும் நான்கு திசையில், ஒவ்வொரு இடத்திலும் ஒன்றிரண்டு விநாடி நின்று கேளுங்கள். மயோசைட்டிஸ் திட்டுத்திட்டாக இருக்கும். ஒரு திசையில் நிசப்தம் என்பதால் அந்தத் தசை நல்லது என்று ஆகிவிடாது.

அசைக்கும்போது பார்ப்பது

இப்போது கெயினை (அலையைத் திரையில் பெரிதாக்கும் அளவை) ஒரு கட்டத்துக்கு 200 மைக்ரோவோல்ட்டுக்கு மாற்றி, தசையை லேசாக, மிக லேசாக இயக்கச் சொல்லுங்கள். உங்கள் ஒரு கை அந்த அவயவத்தின் மேல் எதிர்விசை கொடுத்தபடி இருக்க வேண்டும். நோயாளி எவ்வளவு பலம் கொடுக்கிறார் என்பது உங்கள் உள்ளங்கைக்குத் தெரிந்தால்தான் திரையில் வருவதை எடைபோட முடியும்.

ஒரு மோட்டார் யூனிட் என்பது ஒரு நரம்பு நாரும் அது இயக்கும் தசை நார்களும். அந்த நார்களில் பாதி செத்துவிட்டால் யூனிட்டின் அலை குட்டையாகவும் குறுகியும் வரும். மிச்சமுள்ள நார்கள் பருமனில் வேறுபடுவதால் அலை பல முனைகளாகச் சிதறும். உயரத்தைவிட அகலத்தை நம்புங்கள். உயரம் ஊசி எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்து மாறிக்கொண்டே இருக்கும். பைசெப்ஸில் சாதாரண யூனிட்டின் சராசரி அகலம் சுமார் 10 மில்லிசெகண்ட், வயதோடு கொஞ்சம் கூடும். டென்மார்க்கின் ஃபிரிட்ஸ் புக்தால் 1950களில் இந்த அளவீட்டை ஒழுங்குபடுத்தியதிலிருந்து, ஒரு தசையில் 20 யூனிட்டாவது அளந்து சராசரி எடுப்பது வழக்கம். தினசரி வேலையில் எல்லோரும் கண்ணால் மதிப்பிட்டுவிடுகிறார்கள். பழகும் காலத்தில் அளந்து பழகுங்கள், கண் பிறகு தானாகப் பழகும். பல முனை அலைகளை இந்தச் சராசரியில் சேர்க்காதீர்கள், அவை நீளமாக இருந்து கணக்கைக் கெடுத்துவிடும்.

அடுத்தது எண்ணிக்கை. ஒவ்வொரு யூனிட்டும் பலம் இழந்திருப்பதால், சின்ன வேலைக்கே மூளை நிறைய யூனிட்டுகளைக் கூப்பிடுகிறது. உள்ளங்கையில் ஒன்றும் தெரியவில்லை, திரையோ நிரம்பி வழிகிறது. மயோபதிக்கு இதைவிட நம்பகமான அடையாளம் கிடையாது என்பேன். நரம்பு நோயில் இதற்கு நேர்மாறு: நோயாளி முக்கி முனகிப் பலம் கொடுப்பார், திரையில் ஒன்றிரண்டு யூனிட் மட்டும் வேகமாக ஓடும்.

50 வயதைத் தாண்டியவரிடம் ஒரு கூடுதல் தசை

அடிக்கடி முழங்கால் மடங்கி விழுகிறார், பாட்டில் மூடி திறக்க முடியவில்லை, ஸ்டீராய்டு கொடுத்தும் பலனில்லை என்றால், முன்கையில் விரல் நுனிகளை மடக்கும் ஆழ்தசையிலும் ஊசி போடுங்கள். இன்க்ளூஷன் பாடி மயோசைட்டிஸ் அந்தத் தசையையும் தொடை முன்தசையையும்தான் தேடிப் பிடிக்கும், அதுவும் இரண்டு பக்கமும் சமமில்லாமல். நோய் வருடக்கணக்கில் நடப்பதால் சின்ன யூனிட்டுகளோடு பெரிய, நீண்ட யூனிட்டுகளும் கலந்து வரும். பெரியதை மட்டும் பார்த்துவிட்டு, நரம்பு செல்கள் அழியும், குணமாகாத மோட்டார் நியூரான் நோய் என்று எழுதிவிட்டால், அந்தக் குடும்பத்தின் நிலையை யோசித்துப் பாருங்கள். அங்கே முடிவு சொல்வது யூனிட்டுகள் சேரும் விதம்தான். பலவீனமான தசையில் சீக்கிரமே நிறையச் சேர்ந்தால், யூனிட் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் தசையைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

நோயா, மருந்தா?

ஈஎம்ஜி கேட்டு வரும் கேள்விகளிலேயே எனக்குப் பிடித்தது இது. மயோசைட்டிஸ் உறுதியாகி, பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீராய்டு தொடங்கி, நன்றாகத் தேறி வந்த ஒரு பெண்மணியை எடுத்துக்கொள்வோம். மூன்றாம் மாதம் மறுபடி படி ஏற முடியவில்லை. முகம் உப்பியிருக்கிறது, தொடை மெலிந்திருக்கிறது. நோய் திரும்பிவிட்டதென்றால் மருந்தைக் கூட்ட வேண்டும். ஸ்டீராய்டே தசையைக் கெடுக்கிறதென்றால் குறைக்க வேண்டும். இரண்டும் எதிரெதிர்த் திசை.

ஸ்டீராய்டு பாதிப்பது வேகமாகச் சுருங்கும் இரண்டாம் வகைத் தசை நார்களை. லேசான இயக்கத்தில் நாம் திரையில் பார்ப்பது முதலில் சேரும், மெதுவாகச் சுருங்கும் முதல் வகை நார்களை. அதனால் ஸ்டீராய்டு மயோபதியில் ஈஎம்ஜி இயல்பாகவோ ஏறக்குறைய இயல்பாகவோ இருக்கும், ஃபிப்ரிலேஷன் இருக்காது, சிபிகேயும் ஏறாது. பலவீனமான தொடையிலும் முதுகிலும் பரவலாக ஃபிப்ரிலேஷன் கேட்டால் நோய் இன்னும் அடங்கவில்லை என்று பொருள். சில நேரம் இரண்டும் சேர்ந்தே இருக்கும், அப்போது முதல் ஈஎம்ஜியோடு ஒப்பிட்டால்தான் தெளிவு. அதனால்தான் முதல் முறையே எந்தத் தசையில் எவ்வளவு என்று 0 முதல் 4 வரை மதிப்பெண் போட்டு எழுதி வைக்க வேண்டும். "ஃபிப்ரிலேஷன் உள்ளது" என்ற வெறும் வரி மூன்று மாதம் கழித்து யாருக்கும் உதவாது.

ரிப்போர்ட்

1975இல் போஹன், பீட்டர் இருவரும் மயோசைட்டிஸைக் கண்டறிய வகுத்த அளவுகோலில் ஐந்து அம்சங்களில் ஒன்று ஈஎம்ஜி. 2017இல் ஐரோப்பிய, அமெரிக்க வாதநோய் அமைப்புகள் சேர்ந்து வெளியிட்ட வகைப்பாட்டில் அது இல்லை, தோலும் பலவீனத்தின் பாங்கும் ஆன்டிபாடியும் பயாப்ஸியும் அந்த இடத்தை எடுத்துக்கொண்டன. அதற்காக ஊசியை மூட்டை கட்டிவிட வேண்டியதில்லை. நரம்பா தசையா என்று பிரிக்கவும், பயாப்ஸிக்கு இடம் காட்டவும், மேலே சொன்ன ஸ்டீராய்டுக் கேள்விக்கும் அது இன்றும் தேவைப்படுகிறது.

ஆனால் முடிவுரையில் "பாலிமயோசைட்டிஸ்" என்று நோயின் பெயரை எழுதாதீர்கள். "ஓய்வில் ஃபிப்ரிலேஷனோடு கூடிய மயோபதி, தொடையிலும் தோளிலும் அதிகம்" என்று எழுதுங்கள். அழற்சி, நார் அழிவு, நச்சு மருந்து, சில பரம்பரை நோய்கள் என எல்லாவற்றிலும் இது வரலாம் என்று அடுத்த வரியில் சேர்த்து எழுதுங்கள். குறிப்பாக இருபது வயதை ஒட்டியவர், சிபிகே பல ஆயிரம், கெண்டைக்கால் மெலிந்திருக்கிறது, நுனிக்காலில் நிற்க முடியவில்லை என்றால் டிஸ்ஃபெர்லின் என்ற தசைப் புரதத்தின் பரம்பரைக் குறைபாடு இருக்கிறதா என்று பார்க்கும்படி எழுதுங்கள். பாலிமயோசைட்டிஸ் என்று முத்திரை குத்தப்பட்டு, பலனே இல்லாமல் வருடக்கணக்கில் ஸ்டீராய்டு விழுங்குபவர்களில் இந்த நோயாளிகள் உண்டு. ஈஎம்ஜி இயல்பாக இருந்தாலும் நோய் இல்லை என்று எழுதக் கூடாது, இந்தத் தசைகளில் இன்று எதுவும் தெரியவில்லை என்றுதான் எழுத வேண்டும்.

கடைசியாக இரண்டு தகவல்கள் விடுபடவே கூடாது: ஊசி எந்தப் பக்கத்தில் போடப்பட்டது, எந்தத் தசையில் கோளாறு மிதமாக இருந்தது. "வலது பக்கம் மட்டும் சோதிக்கப்பட்டது. பயாப்ஸி தேவைப்பட்டால் இடது வாஸ்டஸ் லேட்டராலிஸ் பொருத்தமானது." ரிப்போர்ட் கைக்கு வந்ததும் சர்ஜன் தேடும் வரி அதுதான்.